கயிற்றுக் காட்சியில் ஒரு பனியன்

இணையத்தில் எங்களுக்கென்று ஒரு குழு இருந்தது. பழைய ஆங்கிலப் போர்ப்படங்களைக் கொண்டாடும் தமிழர்களின் குழு. முப்பது சொச்சம் பேர். அவர்களில் ஒருவர்கூட வாழ்நாளில் குடையைவிடக் கனமான ஆயுதம் எதையும் தோளில் சுமந்ததில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். என்னையும் சேர்த்துத்தான். கல்லூரியில் நான் என்.சி.சி.யில் சேர்ந்தது அணிவகுப்பு முடிந்ததும் தரும் பூரிக்காக. பூட்ஸ் கடித்தது. மூன்றாம் வாரமே பூரியைத் தியாகம் செய்துவிட்டு வந்துவிட்டேன். எனது ராணுவ வாழ்க்கை அவ்வளவுதான்.

குழுவின் நிர்வாகி சென்னையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. எழுத்தில் மட்டும் ஓய்வுபெற்ற தளபதி. 'வீரர்களே' என்றுதான் எங்களை அழைப்பார். அவருக்கு அடுத்த இடத்தில் ஒரு டாங்கி நிபுணர் இருந்தார். பெங்களூரில் கணினி வேலை. திரையில் ஒரு டாங்கி தலைகாட்டினால் போதும், சக்கரங்களை எண்ணிவிட்டு, "இந்த ரகம் அந்த ஆண்டில் அந்தப் பாலைவனத்துக்கு வரவே இல்லை, இயக்குநர் நம்மை ஏமாற்றுகிறார்" என்று கொதித்துப்போவார். அவர் வீட்டு வாசலில் இருக்கும் இரண்டு படியில் ஸ்கூட்டரை ஏற்றப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவர் என்று வேறொரு வீரர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அந்த வீரருக்கும் இவருக்கும் ஒரு தொப்பியின் நிறம் குறித்து ஆறு மாதப் பகை.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் சேர்ந்து படம் பார்ப்பது என்றால் இன்றைக்குப்போல ஒரு பொத்தானை அழுத்துவது அல்ல. எல்லோரும் அவரவர் ஊரில் அதே படத்தின் டிவிடியைத் தேடி வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அரட்டை அறையில் கூட வேண்டும். நிர்வாகி "மூன்று… இரண்டு… ஒன்று… இயக்குக!" என்று தட்டுவார். முப்பது ஊர்களில் முப்பது பேர் ஒரே நொடியில் அழுத்துவோம். பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே அரட்டை அறையில் கருத்து எழுத வேண்டும். படத்தை நடுவில் நிறுத்துவது மட்டும் மகாபாவம். நிறுத்தினால் பின்தங்கிவிடுவோம், பின்தங்கியவன் எழுதுவது மற்றவர்களுக்கு ஆறிப்போன செய்தியாகிவிடும். மதுரைக்காரர் ஒருவர் சிலிண்டர் வந்திருக்கிறது என்று ஒருமுறை நிறுத்தினார். "போர்முனையில் சிலிண்டருக்கு இடமில்லை" என்று சொல்லி மூன்று வாரம் அவரைப் பேசவிடாமல் வைத்திருந்தார்கள். அவரும் அதற்குக் கட்டுப்பட்டார். இதுதான் எனக்கு இன்றும் வியப்பு. சம்சாரம் சொன்னால் கேட்டிருப்பாரா?

இந்தக் கும்பலை இவ்வளவு கேலி செய்கிற நான், அதில் ஒரு நாற்காலிக்காக இரண்டு வருடம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழுவை நடத்த ஐவர் அவை என்று ஒன்று இருந்தது. எந்தப் படம், எந்த வாரம், யாருடைய வாயை அடைப்பது என்பதையெல்லாம் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். ஐவரில் ஒருவர் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய்விட்டதால் ஓர் இடம் காலியானது. அந்த இடத்துக்கு என்னைப் பரிசோதிப்பதாக நிர்வாகி அறிவித்தார். பரிசோதனை இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப்போகும் படத்தில் ஏழு வீரர்கள் கழுதைகள் மேல் வெடிமருந்தை ஏற்றிக்கொண்டு மலை தாண்டிப் போய் எதிரியின் எண்ணெய்க் கிடங்கைத் தகர்ப்பார்கள். வழியில் ஒரு பள்ளத்தாக்கைக் கயிற்றில் தொங்கியபடி கடப்பார்கள். அந்தக் கயிற்றுக் காட்சி வரும்போது மற்ற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு மௌனமாக இருக்க, நான் ஒருவன் மட்டும் விளக்கவுரை எழுத வேண்டும். நன்றாக இருந்தால் ஐவரில் ஒருவன். சொதப்பினால் பழையபடி கூட்டத்தில் ஒருவன்.

என் விளக்கவுரையைப் பதினைந்து நாள் எழுதினேன். 'கயிறு என்பது இங்கே வெறும் கயிறு அல்ல' என்று தொடங்கும். மானுடம், அந்தரம், பிடிமானம் என்று போகும். கால்வாசி என்னுடையது. மீதியை நாலைந்து ஆங்கிலத் தளங்களில் இருந்து பிய்த்துத் தமிழில் தைத்திருந்தேன். தையல் வெளியே தெரியாது. அந்த வேலையில்தானே பிழைப்பு நடந்தது.

பிழைப்பு என்றதும் இன்னொன்று. நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது வெளிநாட்டு வாங்குநர் மின்னஞ்சலில் திட்டுவதைத் தமிழில் மாற்றித் தையல் மாஸ்டரைத் திட்டுவதும், மாஸ்டர் திருப்பித் திட்டுவதை ஆங்கிலத்தில் மாற்றி நன்றி தெரிவிப்பதும். குழுவில் இதை நான் மூச்சுக்கூட விடவில்லை. 'சர்வதேச வணிகம்' என்று போட்டிருந்தேன். தொப்பியின் நிறத்துக்கு ஆறு மாதம் சண்டை போடுகிற மேதைகளின் நடுவே, ஜட்டி பனியன் ஏற்றுமதி செய்கிறவன் என்று எப்படிச் சொல்வது?

அனுப்பர்பாளையத்தில் நான் தங்கியிருந்த அறையில் கணினி கிடையாது. கீழே பாத்திரப் பட்டறை. அங்கே தட்டுகிற தட்டில் சுவரே அதிரும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி ஆபீசுக்குப் போய்விடுவேன். வாங்குநரின் மெயில் வரும் என்று முதலாளியிடம் சொல்லிவைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வாங்குநர் தன் படகில் மீன்பிடித்துக்கொண்டிருப்பான் என்பது எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரிந்திருக்கும். பெரிய மனுசர், கேட்கவில்லை.

அன்றைக்கு ஆபீசில் சாம்பிள் மாஸ்டரும் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அந்த வாங்குநர் பழங்காலப் போர்வீரர்கள் போட்ட மாதிரி கையில்லாத பனியன் கேட்டிருந்தான். இரண்டு முறை சாம்பிள் அனுப்பி இரண்டு முறையும் 'பழையதாகத் தெரியவில்லை' என்று திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது சாம்பிளை எங்கள் வாட்ச்மேனுக்கு நாலு நாள் போட்டுவிட்டுத் துவைத்து அனுப்பியிருந்தோம். அப்படியும் அவனுக்குத் திருப்தி இல்லை. மூன்றாவது சாம்பிளுக்காக மாஸ்டர் துணியை விரித்துவைத்துக்கொண்டு, வாங்குநரின் வம்சத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு அழுத்தினோம். முதல் காட்சியில் ஒரு ஜீப் வந்தது. அதன் முன்விளக்கு பற்றி இருபது நிமிடம் சண்டை. கதாநாயகனின் அண்ணன் குண்டடிபட்டு இறந்தான். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. "அண்ணன் இறந்துவிட்டான்" என்று நான் எழுதினேன். "விளக்கைப் பற்றிப் பேசும்போது குறுக்கிடாதீர்கள்" என்று டாங்கி நிபுணர் பதில் எழுதினார்.

மாஸ்டர் கத்தரியோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"என்னவே, மெயில் வருதுன்னு சொன்ன, இங்க கழுதல்லா வருது?"

"சும்மா இருங்க மாஸ்டர். முக்கியமான வேலை."

"கழுத மேய்க்கிறது முக்கியமான வேலைதான். நாங்க வேண்டாம்னா சொல்லுதோம்?"

ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடத்தில் வெளியே புல்லட் வண்டிச் சத்தம் கேட்டது. முதலாளி. ஞாயிற்றுக்கிழமை கறிச்சாப்பாடு முடித்து, வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு, சாம்பிள் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்திருக்கிறார். நான் படத்தை மறைக்க மவுஸைத் தேடினேன். அதற்குள் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க தம்பி, படமுங்களா?"

"இல்லீங்க… ஆமாங்க. வந்துங்க, அந்தப் பழைய பனியன் ஆர்டருக்காகப் பாத்துட்டு இருக்கறனுங்க."

வாயில் வந்த பொய். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இது ஒன்றுதான் உடனடியாக உண்மையானது. திரையில் அப்போதுதான் கதாநாயகன் வெயில் தாங்காமல் சட்டையைக் கழற்றினான். உள்ளே கையில்லாத பனியன். முதலாளி என் தோளைப் பிடித்தார்.

"நிறுத்துங்க!"

"இல்லீங்க, இத நிறுத்தப்படாதுங்க…"

"அட, சித்தெ நிறுத்துங்க சாமி. அந்தக் கழுத்தப் பாக்கோணும்."

ஒரு பக்கம் முப்பது வீரர்கள். இன்னொரு பக்கம் ஒன்றாம் தேதி சம்பளம் தருகிற ஒரே ஆள். நான் போர்முனையில் எந்தப் பக்கம் ஓடியிருப்பேன் என்பதை அந்த நொடியில் கண்டுகொண்டேன். நிறுத்தினேன்.

கதாநாயகன் கழுதையின் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். முதலாளி முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து அவன் மார்பைப் பார்த்தார்.

"ஏனுங்க மாஸ்டர், சைடுல தையலே காணமுங்களே?"

"அதான் மொதலாளி நானும் பாக்கேன். இது உருளையா நெய்து அப்படியே வெட்டுன துணி. நாமதான் ரெண்டு பக்கமும் தச்சு வச்சிருக்கோம். பெறவு எப்படிப் பழசாத் தெரியும்?"

"கழுத்துப் பட்டி எவ்வளவு இருக்குமுங்க?"

மாஸ்டர் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை எடுத்துத் திரையில் வைத்தார். திரையில் கழுத்துப் பட்டி ஒரு நூல் அகலம்தான் வந்தது. இருவரும் யோசித்தார்கள்.

"ஆளோட தலைய அளங்க," என்றார் முதலாளி. "மனுசன் தலை ஒம்பது இஞ்சுன்னு வெச்சுக்குவோம். அதுல இது எத்தனை பங்குன்னு பாருங்க."

"வெள்ளக்காரனுக்குத் தலை கூட இருக்கும் மொதலாளி."

"கழுதைய அளந்து பாப்பமுங்களா?"

"கழுத எந்த ஊர்க் கழுதன்னு தெரியலயே."

நான் அரட்டை அறையை எட்டிப் பார்த்தேன். மற்றவர்களுக்குப் படம் ஓடிக்கொண்டே இருந்தது. அவர்கள் மலையடிவாரத்தை அடைந்துவிட்டார்கள். நான் இன்னும் சமவெளியில், ஒரு பனியனோடு நின்றுகொண்டிருந்தேன். கயிற்றுக் காட்சிக்கு எட்டு நிமிடம்தான் இருந்தது.

"போதுங்களா? ஓட்டட்டுங்களா?"

"இருங்க தம்பி. சொல்றத எழுதிக்குங்க மொதல்ல."

எழுதினேன். என் விளக்கவுரை ஒரு ஜன்னலில் திறந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்து, முதலாளியும் மாஸ்டரும் சொல்லச் சொல்லத் தட்டினேன். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவில் அக்குள் வெட்டு எவ்வளவு ஆழம் என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. முதலாளி சட்டைப் பொத்தானை அவிழ்த்துத் தன் பனியனையே காட்டி வாதாடினார். டாங்கிச் சண்டைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. இதில் ஒரு பனியனாவது கிடைக்கும் என்பதுதான்.

அப்போது அரட்டை அறையில் நிர்வாகியின் எழுத்து பெரிதாக விழுந்தது.

"வீரர்களே, கயிறு வந்துவிட்டது. இனி மௌனம். திருப்பூர் நண்பர் பேசுவார்."

மற்றவர்களின் திரையில் வீரர்கள் அந்தரத்தில் தொங்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஒருவரும் எழுதவில்லை. முப்பது பேர் எனக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நண்பரே?" என்றார் நிர்வாகி.

"தம்பி, அடியில மடிப்பு எத்தனைன்னு எழுதினீங்களா?" என்றார் முதலாளி.

"நண்பரே, முதல் வீரர் பாதி தூரம் கடந்துவிட்டார்."

காட்சியைப் பார்க்க முடியாவிட்டால் என்ன, உரைதான் தயாராக இருக்கிறதே என்று ஒரு புத்தி வந்தது. அவசரமாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகல் எடுத்து, அரட்டை அறையில் ஒட்டி, அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் படித்தேன்.

'கழுத்துப் பட்டி முக்கால் இஞ்சு. கழுதையோடு ஒப்பிட்டால் ஒரு இஞ்சு. பக்கவாட்டில் தையல் கூடாது. அக்குள் ஆழம், மாஸ்டர் பத்து என்கிறார், முதலாளி ஒன்பதரை. வியர்வையில் துணி தொங்குகிறது, சுருக்கம் கூட்ட வேண்டும். நாலு துவைப்புக்குப் பிறகு கதாநாயகன் மாதிரி வரும். வாட்ச்மேன் தேவையில்லை.'

மற்றவர்களின் திரையில் அதற்குள் ஏழு வீரர்களும் பள்ளத்தாக்கைக் கடந்து அக்கரை சேர்ந்திருப்பார்கள்.

முதலில் பேசியவர் நாகர்கோவில் பேராசிரியர் ஒருவர். "அற்புதம்," என்று எழுதினார். "வீரனின் உடலை ஆடையின் வழியாக வாசிக்கும் புதிய கோணம். 'வாட்ச்மேன் தேவையில்லை' என்பது போரின் தனிமையைச் சொல்கிறது." இன்னும் இருவர் அதை ஆமோதித்தார்கள். ஒருவர் கழுதையைக் குறியீடு என்றார். நான் அப்படியே விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அதற்குள் டாங்கி நிபுணர் வந்துவிட்டார்.

"இது தையற்காரர் எழுதும் அளவுக் குறிப்பு. நண்பரே, நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள்?"

என் பின்னால் முதலாளி கேட்டார். "என்னங்க தம்பி, முகமெல்லாம் வேர்க்குது? ஃபேன் போடட்டுங்களா?"

எனக்கு அலுத்துப்போய்விட்டது. இரண்டு வருட சர்வதேச வணிகம். போனால் போகட்டும் என்று உள்ளதை எழுதினேன். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், முதலாளி வந்தார், படத்தை நிறுத்தினேன், ஒட்டியது தவறான குறிப்பு, மன்னிக்கவும். நிறுத்தினேன் என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை அழித்து எழுதினேன் என்றால் சிரிக்காதீர்கள். மதுரைக்காரருக்கு மூன்று வாரம் என்றால் எனக்கு மூன்று வருடம் என்று நினைத்தேன்.

பிறகு தனிச்செய்திகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக, பிறகு கொத்துக்கொத்தாக.

"பனியன் கம்பெனியா? முன்பே சொல்லக் கூடாதா?"

"ஏற்றுமதியில் கழித்த பனியன் கிடைக்குமா? சின்னக் குறை இருந்தாலும் பரவாயில்லை."

"என் மைத்துனருக்கு எக்ஸ்எல். கறுப்பு வேண்டாம்."

தொப்பி நிறத்துக்காக ஆறு மாதம் அடித்துக்கொண்ட இருவரும் ஒரே மாதிரி கேட்டிருந்தார்கள், ஒரே நிறத்தில். டாங்கி நிபுணர் தனியாக எழுதியது சுருக்கமாக இருந்தது. 'எம் அளவு. காலர் வைத்தது. ராணுவப் பச்சை.'

நிர்வாகி பொதுவில் அறிவித்தார். "வீரர்களே, நமது குழுவுக்குச் சின்னம் பொறித்த டி-சர்ட் வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு. அந்தப் பொறுப்போடு திருப்பூர் நண்பரை ஐவர் அவையில் சேர்க்கிறேன். அவருடைய விளக்கவுரையைக் கேட்காமல் போவது முறையல்ல. எல்லோரும் படத்தைப் பின்னோக்கி ஓட்டி, கயிற்றுக் காட்சியின் தொடக்கத்துக்கு வாருங்கள்."

குழுவின் வரலாற்றில் அதுதான் முதல் முறை. சிலிண்டருக்கு நிற்காத போர், காலர் வைத்த பனியனுக்குப் பின்வாங்கியது. முப்பது பேரும் ஒரு முனகல் இல்லாமல் பின்னோக்கி ஓட்டினார்கள். மதுரைக்காரர்கூட. அவர் எல் அளவு கேட்டிருந்தார்.

எழுந்து போயிருக்க வேண்டும். ரோஷமுள்ளவன் போயிருப்பான். நான் என் படத்தைக் கயிறு வரை முன்னோக்கி ஓட்டிவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டேன். மூன்று, இரண்டு, ஒன்று. கயிறு வந்தது. சரியான ஜன்னல்தானா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, 'கயிறு என்பது இங்கே வெறும் கயிறு அல்ல' என்று தொடங்கி, பத்தி பத்தியாக அனுப்பினேன். பதினைந்து நாள் உழைப்பு. பின்னால் மாஸ்டர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார்.

"கயிறு கயிறு இல்லன்னா பெறவு என்னவே அது?"

"அது ஒரு இதுங்க மாஸ்டர்."

"அவன் அறுந்து விழுந்தாத் தெரியும், இதா அதான்னு."

முதலாளிக்குக் கயிற்றில் அக்கறை இல்லை. இரண்டாவதாகத் தொங்கியவனின் பனியன் மேலே ஏறி வயிறு தெரிந்தது. "நீளம் பத்தலைங்க," என்றார். "நாம ரெண்டு இஞ்சு சேர்த்து வெச்சுக்குவோம்."

கடைசிப் பத்தியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். மானுடம், அந்தரம், பிடிமானம் எல்லாம் அதில்தான் ஒன்றுசேர்ந்து உச்சத்துக்குப் போகும். நிர்வாகி ஒரு கைதட்டல் பொம்மை போட்டார். பேராசிரியர், முந்தைய குறிப்பில் இருந்த ஆழம் இதில் இல்லை என்றார். அப்புறம் யாரோ ஒருவர், "அளவுப் பட்டியல் அனுப்ப முடியுமா?" என்று கேட்டார்.

அனுப்பினேன். எஸ் முதல் இரண்டு எக்ஸ்எல் வரை, மார்பு, நீளம், தோள், கை எல்லாம் கட்டம் போட்டு வேறொரு டி-சர்ட் ஆர்டருக்காகச் செய்துவைத்திருந்த பட்டியல். அதை முப்பது பேரும் முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை படித்தார்கள். டாங்கி நிபுணர் நான்காவது வரிசையில் ஒரு தவறு கண்டுபிடித்தார். சரிபார்த்தேன். அந்த ஆள் சொன்னது சரிதான்.